மூன்று 'ஆம்'கள்

குழந்தைகளே! ஊத்தங்கரைப் பழக்கடையில் உருது பேசும் பாட்டி ஒருவர் "ஆம்" என்கிறார். எதற்கு 'ஆமாம்' போடுகிறார் என்று விழிக்காதீர்கள். அவர் கேட்பது மாம்பழம்!

நம் 'ஆம்', 'ஆகும்' என்பதன் சுருக்கம். உருதுவிலும் இந்தியிலும் மாம்பழத்தைக் குறிக்கும் 'ஆம்', 'ஆம்ர' என்ற வடசொல்லிலிருந்து வந்தது. 'ஆம் ஆத்மி' என்றால் சாதாரண மனிதர். அந்த 'ஆம்' அரபுச் சொல். தமிழில் எழுதினால் மூன்றும் ஒன்றே. பிறந்ததோ மூன்று வெவ்வேறு மொழிக் குடும்பங்களில்!

எப்படி? மனித வாய் எழுப்பும் ஒலிகள் கொஞ்சம்தான். அதனால் சின்னச் சொற்கள் தற்செயலாக ஒத்துப்போகும். ஒரு சொல் ஒத்திருந்தால் உடனே உறவு என்று சொல்லிவிடக் கூடாது.

பிறகு, மொழிகளின் உறவை எப்படி அறிவது? நம் மாவட்ட எல்லைக்கு அப்பால் பேசும் கன்னடத்தைப் பாருங்கள். பால் – ஹாலு, பல் – ஹல்லு, பத்து – ஹத்து. நம் 'ப' வரும் இடத்தில் அங்கே 'ஹ' வருகிறது. பழங்கன்னடத்தில் அங்கும் 'ப'தான்! பல சொற்கள் இப்படி ஒரே ஒழுங்கில் மாறினால் அதுவே உறவின் அடையாளம்.

சரி, 'புலி'க்குக் கன்னடத்தில் என்ன? முதலில் ஊகியுங்கள், பிறகு விடையைப் பாருங்கள்.

(விடை: ஹுலி)