மிதக்கும் லோச் மீனுக்கு மருந்து ஊற்றுவதற்கு முன்

கிளவுன் லோச் ஒருக்களித்துப் படுத்திருப்பதைப் பார்த்ததும், செத்துக்கொண்டிருக்கிறது என்று பதறி, கடைக்காரர் கொடுத்த நீல மருந்தைத் தொட்டியில் ஊற்றிவிடுகிறார்கள். இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அப்படிப் படுத்து ஓய்வெடுப்பது அந்த மீனின் இயல்பு. ஊற்றிய மெத்திலின் புளூ, வடிகட்டியில் குடியிருந்து கழிவைச் செரித்துவந்த பாக்டீரியாக்களைக் கொல்கிறது. அம்மோனியா ஏறுகிறது. அதன் பிறகுதான் மீன் உண்மையிலேயே நோயில் விழுகிறது.

லோச் வகை மீன்கள் நம் அயிரையின் உறவினங்கள். அடித்தளத்தில் வாழ்பவை. காற்றுப்பையின் முன்பகுதி எலும்புக் கூட்டுக்குள் அடங்கியிருக்கும். பல இனங்களில் பின்பகுதி சுருங்கிப்போயிருக்கும். அதனால் தரையோடு கிடப்பது நோயல்ல. வால் மேலே தூக்கிக்கொள்வது, கீழே போக முயன்றும் தக்கைபோல் மேலே வந்துவிடுவது, நீந்தும்போது உருண்டு புரள்வது, வயிறு ஒரு பக்கம் உப்புவது: இவையே நோயின் அடையாளங்கள்.

இவற்றைக் கண்டதும் செய்யவேண்டிய முதல் வேலை தண்ணீரைச் சோதிப்பது. மருந்து அல்ல, தண்ணீர். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாக இருக்கவேண்டும். மீன் கடைகளில் கிடைக்கும் சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டியே போதும். அளவு கூடியிருந்தால் கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் கட்டாயம். போர் தண்ணீர் என்றால் இன்னும் கவனம் தேவை: ஆழத்திலிருந்து அப்போதுதான் ஏறிவந்த நீரில் வாயு மிகையாகக் கரைந்திருக்கலாம். அதில் மீனை விட்டால் உடலுக்குள்ளேயே குமிழிகள் உண்டாகி மிதக்கத் தொடங்கும். வாளியில் பிடித்து ஏர் பம்பு போட்டு ஓர் இரவு வைத்த பிறகே தொட்டியில் சேருங்கள்.

தண்ணீர் சரியாக இருந்தும் மீன் மிதந்தால் குடலைச் சந்தேகிக்கலாம். உலர்ந்த மிதவைத் தீனியை மேற்பரப்பில் கவ்வும்போது காற்றும் சேர்ந்து உள்ளே போகும். ஏசி அறையில் இரவு வெப்பம் இறங்கினால் செரிமானமும் மந்தமாகும். இரண்டு மூன்று நாள் பட்டினி போடுங்கள். பிறகு வேகவைத்துத் தோலுரித்த பச்சைப் பட்டாணியைச் சிறிது கொடுங்கள். வெப்பம் 27, 28 டிகிரியில் நிற்கட்டும். தனி டப்பாவில் 15 செ.மீ. உயரத்துக்கு மட்டும் தண்ணீர் விட்டு, ஸ்பான்ஜ் வடிகட்டியும் ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி குழாய்த் துண்டும் வையுங்கள். 40 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி எப்சம் உப்பு சேர்க்கலாம். சமையல் உப்பு அதற்கு மாற்றல்ல.

வலை போட்டுப் பிடிக்காதீர்கள். கிளவுன் லோச்சின் கண்ணுக்குக் கீழே ஒரு முள் உண்டு. அது வலையில் சிக்கினால் மீன் துடித்தே காயப்பட்டுவிடும். பாலித்தீன் பையையும் குத்திக் கிழிக்கும், ஆகவே வாங்கிவரும்போதே இரட்டைப் பை கேளுங்கள். மிக நுண்ணிய செதில்கள் கொண்ட இந்த மீனுக்குச் செம்பு கலந்த மருந்துகள் ஆகாது. வீட்டில் மிச்சமிருக்கும் மனித ஆன்டிபயாட்டிக் மாத்திரையைத் தூளாக்கிப் போடுவதையும் நிறுத்துங்கள்.

ஒன்றுக்கு மேற்பட்ட மீன்கள் மிதந்தால் ஆய்வகத்தை நாடவேண்டும். தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மாதவரம் வளாகத்தில் நீர்வாழ் உயிரினங்களுக்கான நோயறி ஆய்வகம் இருக்கிறது. மீனை உயிரோடு, ஆக்சிஜன் அடைத்த பையில் கொண்டுபோங்கள். இறந்துவிட்டால் உடனே ஐஸில் வையுங்கள். ஃப்ரீசரில் உறையவைத்தால் திசு சிதைந்துபோகும். தொட்டித் தண்ணீரைத் தனிப் புட்டியில் விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். வாங்கிய தேதி, போட்ட மருந்து, கடைசியாகத் தண்ணீர் மாற்றிய நாள் மூன்றையும் தாளில் எழுதி இணையுங்கள். அலங்கார மீன்தானே என்று மேசைக்கு மேசை அனுப்பும் அலுவலர்கள் இருக்கிறார்கள். வளர்ப்பவருக்கு அது உயிர், விற்பவருக்குப் பிழைப்பு. இந்த அலட்சியத்தை ஏற்கவேண்டியதில்லை. சோதனைக்கான விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து நகலில் ஒப்புகை வாங்குங்கள்.

கடையிலேயே நோயுற்ற மீனைத் தந்திருந்தால்? ‘விற்ற மீன் திரும்பப் பெறப்படாது’ என்ற பலகையைக் கண்டு அடங்கிவிடாதீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி பில் தர மறுப்பதும் முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. பில்லில் கெடு குறிப்பிடாவிட்டால் 30 நாள் கணக்கு. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, இணையம் வழியாகவும் மனு செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. மனுவை இரண்டு ஆண்டுக்குள் கொடுக்கவேண்டும்.

ஆனால் பில் இல்லாமல் வாங்கிவிட்டு, மருந்து மேல் மருந்து ஊற்றிய பிறகு போனால், கடையில் கெட்டதா உங்கள் தொட்டியில் கெட்டதா என்று எப்படி நிரூபிப்பீர்கள்? பில்லைக் கேட்டு வாங்குங்கள். மீனைத் தொட்டியில் விடுவதற்கு முன் பையோடு வீடியோ எடுங்கள். அன்றைய தண்ணீர்ச் சோதனை அளவையும் தேதி போட்டுக் குறித்து, பில்லோடு சேர்த்து வையுங்கள்.