எண்ணெய் வழியும் முகமும் பவுடர் டப்பாவும்

முகப்பூச்சைப் பற்றி நம் சங்கப் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று வாசக அன்பர்கள் எண்ணக்கூடும். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். சென்ற பொங்கல் விழாவுக்கு மூன்று வாரம் முன்பு, நாடகத்தில் வேடம் ஏற்றிருந்த நம் தமையனார் மகள், "அத்தை, நான் மேடை ஏறமாட்டேன். என் பெயரை எடுத்துவிடச் சொல்லுங்கள்" என்று அழுதபோதுதான் விஷயத்தின் கனம் நமக்குத் தெரிந்தது.

அவளுக்கு வயது பதினாறு. நெற்றியிலும் கன்னங்களிலும் பருக்கள். லோக்கல் ரயிலில் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டே போய் வருகிறாள். "இதற்கு மருந்து வைத்திருக்கிறேன்" என்று தன் பையிலிருந்து ஒரு சிறு களிம்புக் குழாயை எடுத்துக் காட்டினாள். தோழி ஒருத்தி வாங்கிக் கொடுத்ததாம், இன்னும் திறக்கவில்லை. குழாயின் மேலிருந்த பெயரைப் படித்ததும் நமக்கு வயிற்றைக் கலக்கியது.

காரணம் உண்டு. கல்யாண் பக்கத்து நிலையம் ஒன்றில் டிக்கெட் கொடுப்பது நம் வேலை. மின்விசிறி எவ்வளவு சுழன்றாலும் பகல் பத்து மணிக்குள் முகத்தில் எண்ணெய் வழியும். பத்தாண்டுகளுக்கு முன்பு நம் முகமும் பரு மண்டித்தான் இருந்தது. ஜன்னலுக்கு அப்பால் நின்று வைத்தியம் சொல்லிப்போன பிரயாணிகள் பலர். எலுமிச்சைச் சாறு, பற்பசை எல்லாம் பூசிப் பார்த்தோம். முகம் எரிந்ததே தவிரப் பரு போகவில்லை. கடைசியில் ஒரு மருந்துக் கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கினோம். பத்து நாளில் முகம் பளிங்குபோல் ஆயிற்று. நான்கு மாதம் விடாமல் தடவினோம். நிறுத்திய வாரமே முகம் சிவந்து எரிந்தது. பருக்கள் முன்னிலும் அதிகமாகக் கிளம்பின. ரயில்வே மருத்துவமனை டாக்டர் குழாயை வாங்கிப் பார்த்து, "இதில் ஸ்டீராய்டு இருக்கிறது அம்மா" என்றார். மீள்வதற்கு ஓராண்டு பிடித்தது. இடக் கன்னத்தில் இரண்டு குழிகள் இன்றும் இருக்கின்றன.

பெடமெத்தசோன், குளோபெடசால், மொமெட்டசோன் என்பவை அத்தகைய சரக்குகள். சில தோல் நோய்களுக்கு டாக்டர் அளவோடு கொடுப்பவை அவை. முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், சிவப்பு நரம்புகள் தெரியும், பரு பெருகும். இத்தகைய களிம்புகள் பலவற்றை டாக்டர் சீட்டின்றி விற்கலாகாது என்று மத்திய அரசு 2018-ல் விதியைத் திருத்தியது. ஆயினும் கைமாறி வரும் குழாய்கள் நம் வீடுகளுக்குள் நுழைந்துகொண்டுதான் இருக்கின்றன.

ஆகவே அவளுடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். அந்தக் குழாயை நம்மிடம் ஒப்படைத்துவிட வேண்டும்; தோல் டாக்டரிடம் வர வேண்டும். பதிலுக்கு, மேடைக்கு வேண்டிய ஒப்பனையை நாமே கற்றுச் செய்துவிடுவதென்று வாக்களித்தோம்.

பொது மருத்துவமனை டாக்டர் பொறுமையாக விளக்கினார். பருவ வயதில் தோலடியிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் மிகுதியாகச் சுரக்கின்றன. அந்த எண்ணெயும் உதிரும் தோலும் சேர்ந்து மயிர்த்துளையை அடைக்கின்றன. உள்ளே கிருமி பெருகி வீக்கம் உண்டாகிறது. அழுக்கினால் வருவதன்று, ஆதலால் ஓயாமல் சோப்புப் போட்டுத் தேய்ப்பதால் பயனில்லை. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வழிய வழிய வைத்தால் அது நெற்றியில் இறங்கிப் பருவை வளர்க்கும் என்றும் சொன்னார். இதைக் கேட்டு நம் தாயாருக்குச் சற்று மனத்தாங்கல்தான். இரவில் பூச மருந்து கொடுத்து, "பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும்" என்றார். விழாவுக்கோ மூன்று வாரம்தான் இருந்தது.

"பவுடர் போடலாமா?" என்று அவள் கேட்டாள். போடலாம், பார்த்துப் போட வேண்டும் என்பது பதில். முகப்பூச்சுகளாலேயே பரு வருவதுண்டு என்று 1972-ல் அமெரிக்கத் தோல் ஆய்வாளர்களான கிளிக்மன், மில்ஸ் இருவரும் எழுதினார்கள். அதன்பின் துளையை அடைக்காத பூச்சுகளைச் செய்யக் கம்பெனிகள் முயன்றன. பெட்டியில் 'நான்-காமிடோஜெனிக்' என்று அச்சிட்டிருப்பது அதைத்தான் குறிக்கும். அது உத்தரவாதம் அன்று. ஆயினும் அச்சொல் இல்லாததைவிட இருப்பது மேல்.

அன்று மாலையே மருந்துக் கடைக்குப் போனோம். கடைப்பையன் எடுத்துக் கொடுத்தது அவள் நிறத்தைவிட இரண்டு படி வெளுத்த பவுண்டேஷன். "இதுதான் எடுப்பாக இருக்கும்" என்றான். வீட்டில் பூசிப் பார்த்தால், அடுப்புச் சாம்பலைத் தடவியதுபோல் இருந்தது. இப்பூச்சுகளுக்கு நிறம் தருபவை வெள்ளை டைட்டானியம் டை ஆக்ஸைடும், சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஆக்ஸைடுகளும் ஆகும். வெள்ளை மிகுந்தால் மாநிறத்தில் சாம்பல் பூக்கும். மறுநாள் வேறு கடையில், பார்த்து வாங்குவதற்கென்று வைத்திருந்தவற்றில் மூன்றைத் தாடையோரம் கோடாக இழுத்து, வெளியே பகல் வெளிச்சத்தில் நின்று பார்த்தோம். எந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்ததோ அதுவே அவள் நிறம். நம் நிறத்துக்குப் பூச்சைத் தேட வேண்டுமேயன்றிப் பூச்சின் நிறத்துக்கு நாம் மாற வேண்டியதில்லை என்று அவளிடம் சொன்னோம்.

சோதனைக்கு முதலில் நம் முகத்தையே கொடுத்தோம். இடக் கன்னத்தில் கெட்டியான களிம்பு வகை. வலக் கன்னத்தில் எண்ணெய்ச் சருமத்துக்கென்ற நீர்த்த வகை. இரண்டின் மீதும் பவுடர். அப்படியே டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்தோம். மதியத்துக்குள் இடப்பக்கம் வழுக்கி மூக்கோரம் திரண்டுவிட்டது. வலப்பக்கம் பிற்பகல் வரை தாங்கிற்று. சக ஊழியர் ஒருவர், "மேடம், உங்களுக்கு இரண்டு முகமா?" என்று கேட்டதையும் பொறுத்துக்கொண்டோம்.

அந்தச் சோதனையில் கற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். பவுண்டேஷனைக் கொஞ்சமாக எடுத்து, தேய்க்காமல் ஒற்றிப் பூச வேண்டும். முகம் முழுவதும் வேண்டியதில்லை. சிவந்த இடங்களில் போதும். பவுடரையும் அழுத்தி ஒற்ற வேண்டும். எண்ணெய் வழிந்தபின் அதன்மேல் மீண்டும் பவுடர் போட்டால் மாவு பிசைந்ததுபோல் ஆகும். முதலில் சுத்தமான பருத்திக் கைக்குட்டையால் எண்ணெயை ஒற்றி எடுத்துவிட வேண்டும். புதிய பூச்சு எதையும் சில நாள் தாடையோரம் மட்டும் போட்டுப் பார்த்த பிறகே முகத்துக்குப் போடலாம். எவ்வளவு களைப்பானாலும் கழுவாமல் படுக்கலாகாது. ஸ்பஞ்சை அடிக்கடி சோப்பிட்டு அலசிக் காயவைக்க வேண்டும். பூச்சு பருவை மறைக்குமேயன்றி ஆற்றாது. ஆற்றுவது இரவு மருந்தும் பொறுமையும்தான்.

விழா நாள் வந்தது. ஒப்பனை அறையில் ஒரே ஸ்பஞ்சு பிள்ளைகள் அத்தனை பேர் முகத்திலும் ஏறி இறங்குவதைக் கண்டோம். நம் பெண்ணுக்கு அவள் ஸ்பஞ்சையே கொடுத்தோம். சங்க நிர்வாகிகள் அடுத்த ஆண்டு ஒவ்வொரு பிள்ளையும் தன் ஸ்பஞ்சைக் கொண்டுவரும்படி அறிவித்தால் நன்றாயிருக்கும்.

இரண்டாம் காட்சியில் விளக்கு வெப்பத்தில் வியர்த்து, நெற்றியில் இரண்டு பருக்கள் பூச்சை மீறித் தெரிந்தன. அது அவளுக்கும் தெரிந்திருந்தது. பக்கத்துத் திரையோரம் நின்ற நம்மை ஒருமுறை பார்த்தாள். பிறகு தன் வசனத்தைத் தடுமாறாமல் சொல்லி முடித்தாள். கைதட்டல் எழுந்தது.

மூன்று மாதம் கழிந்து இன்று புதிய பருக்கள் குறைந்திருக்கின்றன. வடுக்கள் சில உள. துப்பட்டாவைச் சில நாள் மூடுகிறாள், சில நாள் மூடுவதில்லை. அந்தக் களிம்புக் குழாய் திறக்கப்படாமல் நம் அலமாரியில் இருக்கிறது. சகோதரிகளே, உங்கள் பெண் கண்ணாடி முன் வெகுநேரம் நின்றால் பரிகசிக்காதீர்கள். அவள் பையில் அப்படி ஒரு குழாய் இருக்கிறதா என்று அன்போடு கேட்டுப் பாருங்கள்.