கடல் இல்லாத ஊரும் பாய்மரப் பந்தயமும்

பெங்களூரில் எல்லாம் உண்டு. கடல் ஒன்றுதான் இல்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் வந்து குடியேறிவிட்ட நமக்கு, அலையோசை என்பது ஊருக்குச் சென்று திரும்பும் விடுமுறை நாட்களின் நினைவாகவே நின்றுவிட்டது. ஆயினும் அல்சூர் ஏரிக்கரையில் காலை வேளையில் உலவச் செல்லும் அன்பர்கள் ஒரு காட்சியைக் கண்டிருக்கக்கூடும். நீர்ப்பரப்பின் நடுவே வெண்ணிறப் பாய் விரித்த சிறு படகுகள் காற்றை நாடித் திரும்புவதும் சாய்வதும் நிமிர்வதுமாய் ஓடிக்கொண்டிருக்கும். ஏரியை அடுத்தே எம்.இ.ஜி. என்று நாம் வழங்கும் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் இருப்பிடம் உள்ளது. அப்படையினருக்கு நாடெங்கும் வழங்கும் செல்லப்பெயரே ‘தம்பி’ என்பது நம்மில் பலர் அறிந்த செய்தி. அவர்களது ஆதரவில் நடப்பது திரிஷ்ணா பாய்மரப் படகுக் கழகம். இராணுவப் பொறியாளர்கள் 1985இல் புறப்பட்டு உலகை வலம் வந்து 1987இல் தாயகம் திரும்பிய படகின் பெயரும் திரிஷ்ணாவே.

“அது படைவீரர் ஆடும் ஆட்டம், நம் பிள்ளைகளுக்கு எதற்கு?” என்று எண்ணியே நாம் அக்காட்சியைக் கடந்து போகிறோம். அவ்வெண்ணம் சரிதானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுவோம். கொரோனாவால் ஓராண்டு தள்ளிப்போய் 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில், பாய்மரப் படகுப் போட்டியில் இந்தியாவின் சார்பில் இறங்கியவர்கள் நால்வர். அந்நால்வருமே தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள்! சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், கே.சி. கணபதி, வருண் தக்கர் ஆகிய மூவர். வேலூரைச் சேர்ந்த விஷ்ணு சரவணன் ஒருவர். நூற்று நாற்பது கோடி மக்கள் வாழும் நாட்டில் ஒரு விளையாட்டின் முழுச்சுமையையும் ஒரே மாநிலத்துப் பிள்ளைகள் தாங்கினார்கள். கிரிக்கெட்டில் இவ்வாறு நடந்திருந்தால் நம் வீடுகளில் எத்துணை ஆரவாரம் எழுந்திருக்கும்! இச்செய்தியோ நம்மில் பலர் செவிக்கே எட்டவில்லை.

அரசர் ஆட்டம்

இவ்விளையாட்டின் வரலாறு சுவையானது. 1896இல் ஏதென்ஸ் நகரில் புதிய ஒலிம்பிக் தொடங்கியபோதே பாய்மரப் பந்தயமும் திட்டத்தில் இருந்தது. ஆனால் வானிலை கெட்டதால் அது நடக்காமலே போயிற்று. நான்கு ஆண்டுகள் கழித்து 1900இல், பாரிஸ் ஒலிம்பிக்கின்போது சேன் ஆற்றிலும் லெ ஆவ்ர் கடலிலும் முதற் பந்தயங்கள் நடந்தன. அவ்வாண்டு மே 22ஆம் நாள் வெற்றி பெற்ற லெரினா என்னும் படகில் கணவருடன் இருந்தவர் எலென் த பூர்த்தலேஸ் என்னும் மாது. ஒலிம்பிக் வரலாற்றில் வெற்றிவாகை சூடிய முதற் பெண்மணி அவரே. மற்ற விளையாட்டுக்களில் பெண்களுக்கு வாயில் திறக்கும் முன்பே பாய்மரப் படகு அவர்களை ஏற்றிக்கொண்டது. எனினும் பெண்களுக்கென்றே தனிப் பந்தயம் அமைவதற்கு 1988 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

தொடக்கக் காலத்தில் இது செல்வர்களின் ஆட்டமாகவே இருந்தது. பெரிய படகுகள், பல மாலுமிகள், பெரும் செலவு! 1928இல் நார்வே நாட்டு இளவரசர் ஓலாவும், 1960இல் கிரேக்க இளவரசர் கான்ஸ்டன்டைனும் தங்கம் வென்றது இத்துறையில்தான். இருவரும் பின்னர் அரியணை ஏறினர்.

இந்நிலையை மாற்றியது ஒரே அச்சில் வார்த்த சிறு படகு. எல்லோருக்கும் ஒரே அளவான படகு, ஒரே அளவான பாய். ஆகவே படகின் விலை வெல்லாது, ஓட்டுபவரின் அறிவே வெல்லும். டென்மார்க்கைச் சேர்ந்த பால் எல்வ்ஸ்ட்ரோம் 1948, 1952, 1956, 1960 ஆகிய நான்கு ஒலிம்பிக்குகளிலும் தொடர்ந்து தங்கம் வென்றது, ஒருவர் மட்டுமே செலுத்தும் இத்தகைய சிறு படகுகளில்தான். அவரே 1984இல் தம் மகளையும் உடன் ஏற்றிக்கொண்டு மற்றொரு வகைப் படகில் போட்டியிட்டு நான்காம் இடம் பெற்றார். தந்தையும் மகளும் ஒரே படகில் ஒலிம்பிக் ஆடிய காட்சி எத்துணை இனியது!

இன்று விஷ்ணுவும் நேத்ராவும் ஓட்டும் லேசர் படகு 1996 முதல் ஒலிம்பிக்கில் இடம் பெற்றுள்ளது. அதன் நீளம் 4.2 மீட்டர், அதாவது நம் வீட்டுக் கூடத்தில் அடங்கக்கூடியது. ஆடவருக்கும் பெண்டிருக்கும் உடற்கட்டை ஒன்றாகவே இருக்கும். ஆடவர் பாய் ஏறத்தாழ 7 சதுர மீட்டர், பெண்டிர் பாய் 5.8 சதுர மீட்டர் என்பதே வேறுபாடு.

எதிர்க்காற்றில் ஏறும் வித்தை

பந்தயம் நடக்கும் முறையையும் சிறிது அறிந்துகொள்வோம். கடலில் மிதவைகளை நங்கூரமிட்டு நிறுத்தியிருப்பார்கள். அவற்றைக் குறித்த வரிசையில் சுற்றி வர வேண்டும். முதல் மிதவை பெரும்பாலும் காற்று வரும் திசையிலேயே இருக்கும். காற்றை நேரே எதிர்த்துப் பாய்மரப் படகு செல்லாது. ஆகவே இடப்புறம் சிறிது தூரம், பின்பு வலப்புறம் சிறிது தூரம் என்று மாறி மாறிச் சாய்ந்து மேலேற வேண்டும். எந்தப் பக்கம் காற்று வலுக்கும், எங்கே நீரோட்டம் இழுக்கும், எப்போது திரும்புவது என்பதெல்லாம் ஓட்டுபவரின் கணக்கு. தென்றல், வாடை, கொண்டல், கோடை என்று நான்கு திசைக் காற்றுக்கும் நான்கு பெயர் சூட்டியவர்கள் தமிழர்கள். அவர்களுக்கு இக்கணக்கு புதிதன்று.

ஒரே ஓட்டத்தில் வெற்றி முடிவாவதில்லை. பல நாட்களில் பல ஓட்டங்கள் உண்டு. முதலில் வந்தவருக்கு 1 புள்ளி, இரண்டாமவருக்கு 2 என்று வழங்குவார்கள். குறைந்த புள்ளி பெற்றவரே வென்றவர். மிக மோசமாக அமைந்த ஓட்டம் ஒன்றைக் கணக்கிலிருந்து தள்ளிவிடுவதும் உண்டு. ஒரு நாள் சறுக்கினால் வாழ்வே போயிற்று என்று மனம் உடைய வேண்டாம் என்பதை இதைவிட அழகாகக் கற்பிக்கும் விளையாட்டு வேறு உண்டோ?

விழா ஓரிடம், பந்தயம் வேறிடம்

பெங்களூர்வாசிகளாகிய நாம் கருத்தில் கொள்ள வேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. விழா நடத்தும் நகருக்குக் கடல் இல்லாதபோது பாய்மரப் பந்தயம் ஊர் விட்டு ஊர் செல்லும். 1968இல் மெக்சிகோ நகரின் பந்தயம் அகபுல்கோவில் நடந்தது. 1972இல் மியூனிக் நகரின் பந்தயம் நாட்டின் மறுகோடியிலுள்ள கீல் துறைமுகத்திற்குச் சென்றது. 1982இல் டில்லி ஆசிய விளையாட்டின் பந்தயம் பம்பாய்க் கடலிலும், 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கின் பந்தயம் மார்சேய் கடலிலும் நிகழ்ந்தன. கடல் இல்லாமை ஒரு நகருக்குக் குறையே அன்று. கடலை நாடிச் செல்லும் மனம் இல்லாமையே குறை.

1970இல் பாங்காக்கில்தான் ஆசிய விளையாட்டில் பாய்மரப் பந்தயம் முதன்முதலாக இடம் பெற்றது. மேற்கூறிய கீல் கடலில், 1972 ஒலிம்பிக்கில், சோலி காண்ட்ராக்டரும் ஏ.ஏ. பாசித்தும் இந்தியாவுக்காகப் பாய் விரித்தனர். 1982இல் பம்பாயில் ஃபரூக் தாராபூரும் ஜரீர் கரஞ்சியாவும் ஃபயர்பால் என்னும் வகைப் படகில் தங்கம் வென்றனர்.

நம்மவர் எழுச்சி

சென்னையில் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911இலேயே தோன்றியது. ஆயினும் அது நெடுங்காலம் வெள்ளையரும் மேல்தட்டினரும் கூடிய இடமாகவே இருந்தது. சாமானியக் குடும்பத்தினர் தம் பிள்ளைகளை அப்பக்கம் அனுப்ப எண்ணியதில்லை. இக்கால் நிலை மாறி வருகிறது. 2014இல் இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் சென்னையின் வர்ஷா கௌதமும் ஐஸ்வர்யா நெடுஞ்செழியனும் வெண்கலம் பெற்றனர். 2018 ஜகார்த்தாவில் வர்ஷா, சுவேதா ஷெர்வேகருடன் இணைந்து வெள்ளி வென்றார். அங்கேயே கணபதியும் வருணும் வெண்கலம் வென்றனர்.

நேத்ரா குமணன் சிறுமியாயிருந்தபோது தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கத்தின் கோடைக்காலப் பயிற்சி முகாம் ஒன்றில் சேர்ந்தவர். 2021 ஏப்ரலில் ஓமன் நாட்டு முசன்னாவில் நடந்த தகுதிப் போட்டியில் தேறி, பாய்மரத்தில் ஒலிம்பிக் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் என்னும் பெயர் பெற்றார். டோக்கியோவில் அவர் பெற்றது 35ஆம் இடம். மூன்றாண்டு இடைவிடாது உழைத்தபின் பாரிஸ் ஒலிம்பிக்கில் பெற்றது 21ஆம் இடம்.

விஷ்ணுவின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. வேலூர், ஆம்பூர், திருப்பத்தூர்ப் பக்கங்களிலிருந்து பெங்களூருக்கு வந்த குடும்பங்கள் நம்மில் எத்தனை! அவ்வேலூரும் கடல் இல்லாத ஊரே; ஆற்றில் நீரில்லை என்று பழமொழியே கேலி பேசும் ஊர். அத்தகைய ஊருக்குரிய குடும்பத்தில், இராணுவத்தில் பாய்மரம் பழகிய தந்தைக்கு மகனாய்ப் பிறந்தவர் விஷ்ணு. தாமும் இராணுவத்தில் சேர்ந்து மும்பையில் பயிற்சி பெற்றார். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்றார். டோக்கியோவில் 20ஆம் இடம், பாரிஸில் 18ஆம் இடம். பாய்மரத்தில் ஒலிம்பிக் பதக்கம் ஒன்றும் இந்தியாவுக்கு இன்னும் வாய்க்கவில்லை என்பது உண்மையே. ஆயினும் படி ஏறிக்கொண்டிருக்கிறோம் என்பதும் உண்மையன்றோ!

கணபதியின் குடும்பமோ கர்நாடகத்துக் குடகைச் சேர்ந்தது. குடகிலிருந்து சென்னைக்குச் சென்ற குடும்பத்துப் பிள்ளை வங்கக் கடலில் பழகி நாட்டுக்காக ஆடினார். தமிழகத்திலிருந்து கன்னட நாட்டுக்கு வந்த நம் பிள்ளைகள் மட்டும் கரையில் நின்று பார்ப்பானேன்?

பதக்கத்தினும் பெரியது

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1988இல் சியோல் ஒலிம்பிக்கின் பாய்மரப் பந்தயங்கள் புசான் கடலில் நடந்தன. ஒரு நாள் காற்று திடீரெனக் கொந்தளித்தது. கனடா நாட்டு லாரன்ஸ் லெமியூ இரண்டாம் இடத்தில் விரைந்துகொண்டிருந்தார். அப்போது மற்றொரு பந்தயத்தைச் சேர்ந்த சிங்கப்பூர்ப் படகு கவிழ்ந்து, வீரர் இருவர் அலையில் தத்தளிப்பதைக் கண்டார். அவர் சிறிதும் தயங்கவில்லை. பந்தயத்தை விட்டுப் படகைத் திருப்பி அவ்விருவரையும் காப்பாற்றி, காவற்படகு வந்து அவர்களை ஏற்கும்வரை காத்திருந்த பின்பே தம் வழி சென்றார். நடுவர்கள் அவருக்கு அந்த ஓட்டத்தில் இரண்டாம் இடத்தையே வழங்கினர். பதக்கம் அவருக்குக் கிட்டவில்லை. ஆயினும் விளையாட்டுப் பண்புக்குரிய பியர் தெ கூபர்தென் விருது அவரைத் தேடி வந்தது. அவ்வாண்டு தங்கம் வென்றவர் பெயரை மறந்தவர்களும் லெமியூவின் பெயரை மறக்கவில்லை.

நாம் செய்ய வேண்டியது

தமிழர் கடல் கடந்த பெருமையை நம் சங்க மேடைகளில் கேட்டு மகிழ்கிறோம். கரிகாலனின் முன்னோன் ஒருவன் காற்றைப் பணிகொண்டு கலம் செலுத்தியதைப் புறநானூற்றின் 66ஆம் பாட்டில் பாடியவர் வெண்ணிக் குயத்தியார் என்னும் பெண்பாற் புலவர். அதைச் சொல்லிக் கைதட்டல் பெறும் நாமே, வீட்டில் மகள் நீந்தக் கற்க வேண்டும் என்று கேட்டால், “தண்ணீர்ப் பக்கம் போகாதே” என்கிறோம். அச்சம் அன்பினால் விளைவது. அதை நாம் பழிக்கவில்லை. ஆனால் நீரில் ஆபத்துக்கு மருந்து நீரை விட்டு ஓடுவதன்று. நீந்தக் கற்பதே ஆகும்.

ஆகவே பெற்றோர்க்கு நம் வேண்டுகோள் இதுதான். ஆணாயினும் பெண்ணாயினும் பிள்ளைக்கு முதலில் நீச்சல் கற்பியுங்கள். பின்னர், கோடை விடுமுறைக்குச் சென்னை செல்லும்போது, சில நாட்கள் பாய்மரப் பயிற்சி முகாமில் சேர்க்க முடியுமா என்று விசாரியுங்கள். புதிய படகின் விலை சில இலட்சம் ரூபாய் என்பதால் மலைக்க வேண்டா. முகாமில் பழகுவதற்குப் படகை வாங்க வேண்டியதில்லை. ஆப்டிமிஸ்ட் என்னும் 2.3 மீட்டர்ச் சிறு படகு சிறுவர் சிறுமியர்க்கென்றே அமைந்தது; 15 வயது வரை அதில் போட்டியிடலாம். உயிர்காப்புச் சட்டை அணியாது படகில் கால் வைக்க விடாதீர்கள்.

மற்றொன்று. 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்ததை நாம் மறந்துவிடலாகாது. ஏரி கெட்டால் பாயும் இல்லை, பந்தயமும் இல்லை. அதன் கரையில் வாழும் தமிழர், கன்னடர், மற்றையோர் யாவரும் சேர்ந்து காக்க வேண்டிய செல்வம் அது.

அடுத்த ஞாயிறு காலை பிள்ளைகளுடன் அல்சூர்க் கரைக்குச் சென்று பாருங்கள். படகு காற்றை எதிர்த்து இடமும் வலமுமாய்ச் சாய்ந்து மேலேறுவதைச் சுட்டிக் காட்டுங்கள். ஊர் விட்டு வந்து, நேர்வழி அடைபட்ட இடமெல்லாம் சுற்றுவழி கண்டு முன்னேறிய நம் பெற்றோரின் வாழ்வையும் அப்போது அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு இரண்டும் விளங்கும்.