தன்னலத்திலிருந்து ஒத்துழைப்பு பிறக்கும் விதம்

ஏரியின் வரத்துக்கால் தூர்ந்து கிடக்கிறது. அதனைத் தூர் எடுக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டுமென்று ஊர்க்கூட்டம் முடிவு செய்கிறது. ஆயக்கட்டுதாரர் ஒருவர் தமக்குள் கணக்கிடுகிறார்: “மற்றவர்கள் வேலை செய்தால், நான் போகாவிடினும் என் வயலுக்கு நீர் வரும். அவர்கள் செய்யாவிட்டால், நான் மட்டும் போய்ப் பயனில்லை.” எல்லாரும் இவ்வாறே எண்ணினால் எல்லார் பயிரும் வாடும். அவ்வாறாயின், தன்னலம் கருதும் மக்களிடையே ஒத்துழைப்பு எங்ஙனம் தோன்றுகிறது?

அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் ஆக்ஸல்ராட் இதனை ஒரு போட்டியின் மூலம் ஆராய்ந்து, 1980-இல் முடிவை வெளியிட்டார். இருவர் பன்முறை சந்திக்கின்றனர். ஒவ்வொரு முறையும் ஒத்துழைக்கலாம், அல்லது ஏய்க்கலாம். இருவரும் ஒத்துழைத்தால் ஆளுக்கு 3 புள்ளிகள். இருவரும் ஏய்த்தால் ஆளுக்கு 1. ஒருவர் மட்டும் ஏய்த்தால் அவருக்கு 5, ஏமாந்தவருக்கு ஒன்றுமில்லை. அறிஞர்கள் அனுப்பிய 14 திட்டங்கள் கணிப்பொறியில் மோதின. அனடோல் ராப்போபோர்ட் அனுப்பிய மிகச் சிறிய திட்டமே வென்றது. ‘முதலில் ஒத்துழை, பின்னர் மற்றவர் சென்ற முறை செய்ததையே செய்’ என்பதே அது. 62 திட்டங்கள் கலந்துகொண்ட இரண்டாம் போட்டியிலும் அதுவே வாகை சூடியது.

இதில் ஓர் உண்மை கவனிக்கத்தக்கது. இத்திட்டம் எந்த ஆட்டத்திலும் எதிராளியைவிட ஒரு புள்ளியும் கூடுதலாகப் பெறுவதில்லை. பலருடன் மும்மூன்று புள்ளிகளைப் பகிர்ந்துகொண்டே மொத்தத்தில் முந்தியது. ஏய்ப்பவரோ அதனிடம் ஒருமுறை 5 பெற்றபின், தொடர்ந்து ஏய்த்தால் 1 மட்டுமே பெறுவர். ஆக்ஸல்ராடும் உயிரியல் அறிஞர் ஹாமில்டனும் 1981-இல், பகுத்தறிவற்ற உயிர்களிடையேயும் இம்முறை நிலைபெறக்கூடும் என விளக்கினர். தலைமுறை தலைமுறையாகப் பலன் தரும் நடத்தையே பெருகுகிறது. ஏமாளிகள் உள்ளவரை ஏய்ப்போர் செழிப்பர். அவர்கள் அற்றுப்போனபின் தாமும் தேய்வர்.

இதற்கு இன்றியமையாத நிபந்தனை ஒன்றுண்டு: இருவரும் மீண்டும் சந்திக்கும் வாய்ப்பு மிகுந்திருக்கவேண்டும். குறை ஒன்றும் உண்டு. தவறான புரிதலால் ஒருமுறை பகை மூண்டால், பழிக்குப் பழி ஓயாது தொடரும். ஆகவே சிறிது மன்னிப்பும் வேண்டும்.

இருவர் என்பது ஓர் ஊராகும்போது இம்முறை மட்டும் போதாது. வராத ஒருவரைத் தண்டிக்க நாமும் வேலையை நிறுத்தினால், வந்த அனைவரும் பாதிக்கப்படுவர். பொதுவளங்களை ஆராய்ந்து 2009-இல் நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம் இதற்கு வழி காட்டினார். பயன்படுத்துவோரே விதி வகுத்து, கண்காணித்து, மீறுவோருக்கு முதலில் சிறிய தண்டமும் பின்னர் பெரிய தண்டமும் விதிக்கும் ஊர்களில் பொதுவளம் நீடிக்கிறது என்றார். நம் குடிமராமத்தும் நீர்க்கட்டியின் மேற்பார்வையும் இவ்வகைப்பட்டனவே.

ஆகையால் ஊராட்சி உறுப்பினர்கள் வெறும் உபதேசத்தை நம்பியிராமல், நிலத்துக்கேற்பப் பங்கு பிரித்து, வந்தவர் வராதவர் பெயர்களை யாவரும் காண எழுதி வைப்பார்களாக. முதல் தவறுக்குச் சிறு தண்டம் போதும். திருந்தி வருபவரை உடனே சேர்த்துக்கொள்ளவேண்டும். தம் உழைப்பு வீணாகாது என்னும் உறுதி பிறந்தால், தன்னலம் கருதுபவரும் மண்வெட்டியுடன் வருவர்.