கிழிந்த காகிதக் குடையைச் செப்பனிடுதல்

மழைக்காலந் தொடங்கியதும் சாலையோரங்களில் குடை செப்பனிடுவோர் அமர்தல் வழக்கம். கம்பி முறிந்த துணிக்குடையை அவரிடம் கொடுத்தால் சிறிது நேரத்திற் சரிசெய்து தருவர். காகிதக் குடையை நீட்டினாலோ கைவிரித்துவிடுவர். பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையேயுள்ள நமது கவரைப்பேட்டையிலும் அவ்வேலையை வீட்டிலேயே செய்துகொள்ள வேண்டியதுதான்.

காகிதக் குடை நமக்கு அந்நியமான பொருளன்று. விநாயக சதுர்த்தியன்று களிமண் பிள்ளையாருடன் விற்கும் வண்ணக் குடையைச் சிறுவரும் அறிவர். அது சில நாள் வாழ்வுடையதாகையால் அதனை யாரும் செப்பனிடுவதில்லை. நாம் கருதுவது வேறு. 1942-ல் யுத்தத்திற்கு அஞ்சியும், 1964-க்குப் பின் கடைகளும் தொழில்களும் அரசாங்க உடைமையானமையாலும் பர்மாவை விட்டுத் தமிழர் பலர் தாயகம் திரும்பினர். அத்தகைய குடும்பங்களில் அந்நாட்டுக் குடையொன்று பரண்மேற் கிடத்தல் கூடும். பர்மாவின் பசீன் நகரம் குடைத்தொழிலுக்குப் பேர்போனது. தாய்லாந்திலே சியங்மாய் நகரை அடுத்த போசாங் என்னும் ஊரில் முசுக்கட்டை இனத்து மரப்பட்டையிலிருந்து செய்த காகிதத்தால் இன்றும் குடை செய்கின்றனர். பாட்டியார் கப்பலிற் கொண்டுவந்த குடை கெட்டுப்போமாயின் அதற்கு ஈடாக வேறொன்றைக் கடையில் வாங்க இயலாது. ஆகையால் அவசரக் கையால் அதனைத் தொடலாகாது.

அவசரக்காரர் முதலில் நாடுவது ஒட்டுநாடா. அதினும் கேடு வேறில்லை. நமது பக்கத்து வெயிலில் அதன் பசை இளகிக் காகிதத்துள் ஊறி, மஞ்சட் கறையாய் நிலைத்துவிடும். நாடா உதிர்ந்த பின்னும் கறை போகாது. தடித்த காகிதத்தை ஒட்டுவதும் பிழையே. குடையை மடக்குந்தோறும் ஒட்டு வளையாமல் நிற்க, அதன் ஓரத்திலே பழைய காகிதம் புதிதாய்க் கிழியும். ஒட்டானது மூலக் காகிதத்தினும் சற்று மெலிந்ததாயிருத்தல் வேண்டும். இழுப்பு நேருங்கால் ஒட்டே விட்டுக்கொடுக்கும். பழைய காகிதம் பிழைக்கும். விட்ட ஒட்டை மறுபடியும் இட்டுக்கொள்ளலாம்.

முதலில் குடையின் மூலையொன்றில் ஒரு துளி நீர் இட்டுப் பார்க்க. நீர் ஊறினால் அது வெயிற் குடை. முத்தாய் நின்றால் எண்ணெயூட்டிய மழைக்குடை. வெயிற் குடைக்கு மரவள்ளி மாவுப் பசை சிறந்தது. மாவு ஒரு பங்குக்கு நீர் ஐந்து பங்கு சேர்த்து, சிறு தீயில் கண்ணாடிபோல் தெளியுமட்டும் கிண்டி, ஆறவைத்துத் துணியில் வடிகட்டி, மோர்ப் பதமாக நீர் விடுக. புத்தகங் கட்டுவோர் பூச்சிக்கஞ்சிப் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு. அது நஞ்சு, காகிதத்திற்கும் நல்லதன்று, நமக்கு வேண்டா.

ஒட்டுக்கு வெள்ளைப் பட்டக் காகிதம் போதும். சாயக் காகிதம் நனைந்தால் நிறம் விடும். அதனைக் கத்தரியால் வெட்டாமல், ஈரத் தூரிகையால் கோடிட்டுக் கையாற் கிழித்தால் ஓரத்து நார்கள் மெல்லிதாய்ப் பிரிந்து பழைய காகிதத்தோடு இழைந்துவிடும். கிழிவின் இருபுறமும் கால் அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். எத்திசையிற் காகிதம் நேராய்க் கிழிகிறதோ அதுவே நார் ஓடுந் திசை; அது மூங்கிற் சிம்பின் போக்கிலேயே அமைதல் வேண்டும். குடை மடிவது அப்போக்கிலாதலின் ஒட்டும் எளிதில் மடியும்.

குடையை விரித்து, கிழிந்த ஓரங்களை மெல்லச் சேர்க்க. காகிதம் பெரும்பாலும் சாய்வாகவே கிழியுமாகையால் ஓரோரத்தில் மேலுதடும் எதிரோரத்தில் கீழுதடும் இருக்கும். எது மேல், எது கீழ் என்று பார்த்துப் பொருத்தினால் கிழிந்த கோடு மறைந்தே போகும். மாற்றி வைத்தால் சித்திரம் ஒரு மயிரிழை விலகிக் கண்ணை உறுத்தும். இவ்வேலையிற் பொறுமையெல்லாம் இவ்விடத்திற்றான் வேண்டும். பின்னர் ஒட்டை உட்புறத்தில் வைத்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி மெல்லத் தடவுக. நன்கு உலருமட்டும் மடக்கலாகாது. மடக்கினால் மடிப்புக்கு மடிப்பு ஒட்டிக்கொள்ளும். உலர்ந்தபின் பழைய மடிப்புத் தடத்திலேயே ஒட்டையும் விரலால் மடித்துப் பழக்குக.

மழைக்குடையில் மாவுப் பசை பிடியாது. உட்புறத்தில் ஒட்டு விழும் இடத்தை மென்மையான உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து, நீர்கலந்த ஃபெவிகாலால் ஒட்டி, நன்குலர்ந்தபின் ஒட்டின்மேற் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லிதாகத் தடவ வேண்டும். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவைக் கவர்ந்து இறுகிப் படலமாகும். தேங்காயெண்ணெய்க்கு அக்குணமில்லை, என்றும் பிசுபிசுத்தே நிற்கும். எண்ணெய் துடைத்த கந்தையைச் சுருட்டி மூலையில் எறிதல் பேராபத்து. உள்ளே வெப்பம் மிகுந்து தானே தீப்பற்றும். அதனை நீரில் நனைத்து, வெளியே விரித்து உலர்த்துக.

ஐப்பசி கார்த்திகையில் இவ்வேலையைத் தொடங்க வேண்டா. பழவேற்காட்டேரிப் பக்கத்து ஈரக்காற்றிற் பசை உலருமுன்னே பூஞ்சணம் பூக்கும். தை பிறந்தபின் செய்க. செப்பனிட்ட குடையைப் பரணில் மறந்துவிடாமல் மாதத்திற்கொருமுறை நிழலில் விரித்து வைக்க. இராமபாணப் பூச்சிக்குப் பழைய காகிதத்தைவிடப் புதிய மாவுப் பசையில் ஆசை அதிகம்.