முற்றிய புற்றுநோயும் மெய்ப்பிக்கப்படாத மாற்று மருந்துகளும்

முற்றிய புற்றுநோய்க்கான மெய்ப்பிக்கப்படாத மாற்று மருந்துகள் என்பவை, நோய் பிற உறுப்புகளுக்குப் பரவிய நிலையில், அதனைக் குணப்படுத்தும் என்ற நம்பிக்கையில் நோயாளிகள் நாடும், ஆனால் முறையான சோதனைகளில் பயன் உறுதிசெய்யப்படாத மருந்துகளையும் உணவு முறைகளையும் குறிக்கும். பச்சிலைச் சாறு, பற்பம், பழவகைகள், பேரளவு உயிர்ச்சத்து முதலியன இவற்றுள் அடங்கும். வழக்கமான சிகிச்சையுடன் சேர்த்து, பதற்றம், குமட்டல் போன்றவற்றைக் குறைக்கக் கையாளப்படும் யோகம், மூச்சுப்பயிற்சி ஆகியவை துணை மருத்துவம் எனப்படும். சிகிச்சையைக் கைவிட்டு அதற்குப் பதிலாக மேற்கொள்ளப்படுவதே மாற்று மருத்துவம் ஆகும்.

திருச்சிராப்பள்ளியும் திருவரங்கமும்

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே அமைந்த திருவரங்கத்தில், அரங்கநாதர் கோயிலுக்குள் மருத்துவக் கடவுளான தன்வந்திரிக்குத் தனிச் சன்னதி உள்ளது. அக்கோயிலைச் சார்ந்து இயங்கிய ஆரோக்கியசாலை புதுப்பிக்கப்பட்டதை 1493 ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகின்றது. ஆற்றின் தென்கரையில் உள்ள திருச்சிராப்பள்ளி நகரின் அரசு மருத்துவக் கல்லூரி, முத்தமிழ்க் காவலர் கி. ஆ. பெ. விசுவநாதம் (1899–1994) பெயரைத் தாங்கியுள்ளது. இவர் "தமிழ் மருந்துகள்" என்னும் நூலை எழுதியவர். அக்கல்லூரியுடன் இணைந்த மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்குச் சுற்று மாவட்டத்தினரும் சிகிச்சைக்கு வருகின்றனர்.

வழிபாடு, நாட்டு மருந்து, நவீன மருத்துவமனை ஆகிய மூன்றும் இங்கு நெடுங்காலமாக அருகருகே இருந்துவருகின்றன. ஆகவே நாட்டு மருத்துவரை நாடுவதை வெறும் அறியாமை என்று கொள்வது பொருந்தாது. ஒரு மருத்துவ மரபு உயர்ந்ததா தாழ்ந்ததா என்பது இங்கு வினா அன்று. குறிப்பிட்ட ஒரு மருந்து குறிப்பிட்ட ஒரு புற்றை ஒடுக்குகின்றதா என்பதே வினா.

நாடுவதற்கான காரணங்கள்

* "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று மருத்துவர் கூறுவதால் ஏற்படும் கைவிடப்பட்ட உணர்வு
* வேதிச்சிகிச்சையின் பக்கவிளைவுகள் பற்றிய அச்சம்
* தொலைவிலுள்ள மருத்துவமனைக்குச் சென்றுவரும் செலவும் அலைச்சலும்
* மூலிகை எதுவாயினும் தீங்கு செய்யாது என்ற எண்ணம்
* ஏதேனும் செய்தாக வேண்டும் என்ற குடும்பத்தினரின் கடமையுணர்வு

இறுதியாகக் கூறப்பட்டது முதன்மையானது. பல வேளைகளில் மருந்தைத் தேடுபவர் நோயாளி அல்லர்; அவரை இழக்க விரும்பாத உறவினரே.

ரமண மகரிசியின் நோய்

தமிழ்நாட்டில் நன்கு பதிவு செய்யப்பட்ட எடுத்துக்காட்டு, திருவண்ணாமலையில் வாழ்ந்த ரமண மகரிசியின் இறுதிக்காலம் ஆகும். 1949 பெப்ரவரியில் அவருடைய இடது முழங்கையருகே தோன்றிய சிறு கட்டி அகற்றப்பட்டது. அது மீண்டும் வளரவே, இணைப்புத் திசுக்களில் தோன்றும் சார்க்கோமா வகைப் புற்று என அறியப்பட்டது. அவ்வாண்டிலேயே மேலும் மூன்று அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. ரேடியக் கதிர்வீச்சும் அளிக்கப்பட்டது. கையைத் துண்டிக்கலாம் என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை. அன்பர்களின் விருப்பப்படி பச்சிலை மருத்துவமும் ஓமியோபதியும் கையாளப்பட்டன. எதுவும் நோயை நிறுத்தவில்லை. 1950 ஏப்ரல் 14 அன்று அவர் காலமானார். மருந்தை மாற்றி மாற்றித் தேடியவர்கள் அவரைச் சுற்றியிருந்தோரே என்பது இந்நிகழ்வில் கவனிக்கத்தக்கது.

மூலிகையும் மருந்தும்

தமிழ்நாட்டுத் தோட்டங்களில் எளிதாகக் காணப்படும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வின்பிளாசுட்டீன், வின்கிறிசுட்டீன் என்னும் இரு புற்றுநோய் மருந்துகள் கிடைத்தன. யமேக்காவில் நீரிழிவுக்குப் பயன்பட்ட இதன் இலைகளைக் கனடாவில் இராபர்ட் நோபிள், சார்லசு பீர் ஆகியோர் ஆராய்ந்தனர். சாறு சர்க்கரையைக் குறைக்கவில்லை. மாறாக விலங்குகளின் வெள்ளையணுக்களைக் குறைத்தது. இதைத் தொடர்ந்து 1958 இல் வின்பிளாசுட்டீன் பிரித்தெடுக்கப்பட்டது. சிறுவர்களின் இரத்தப் புற்றுக்கு வின்கிறிசுட்டீன் இன்றும் பயன்படுகின்றது.

எனினும் செடியின் இலையை அரைத்துக் குடிப்பது இச்சிகிச்சைக்கு ஈடாகாது. இலையில் இம்மருந்துப் பொருள் மிகச் சொற்பமாகவே உள்ளது; அதன் அளவும் செடிக்குச் செடி மாறும். தூய்மையாக்கப்பட்ட மருந்து, நோயாளியின் உடற்பரப்பைக் கொண்டு கணக்கிட்டு சிரை வழியே செலுத்தப்படுகின்றது. அளவு மிகுந்தால் நரம்பு மண்டலம் பாதிக்கப்படும்.

சோதனைகளின் முடிவுகள்

சர்க்கரைப் பாதாமி விதையில் உள்ள ஒரு பொருளை ஒத்த "லேட்ரைல்" 1970களில் அமெரிக்காவில் பெரும் புகழ் பெற்றது. 178 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 1982 இல் வெளியான ஆய்வில் குறிப்பிடத்தக்க பயன் எதுவும் காணப்படவில்லை. சிலரிடம் சயனைடு நச்சுக்குறிகள் தென்பட்டன. பேரளவு உயிர்ச்சத்து சி வாழ்நாளை நீட்டிக்கும் என்று இலைனசு பாலிங்கும் இயூவன் கேமரனும் 1976 இல் எழுதினர். அவர்கள் பழைய மருத்துவக் குறிப்புகளிலிருந்து எடுத்த நோயாளிகளுடன் ஒப்பிட்டிருந்தனர். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவிற்கு வெற்று மாத்திரை கொடுத்துச் செய்த 1979, 1985 ஆம் ஆண்டுச் சோதனைகளில் வேறுபாடு தோன்றவில்லை. இவற்றில் உயிர்ச்சத்து வாய்வழியாகவே தரப்பட்டது.

தீங்குகள்

2018 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, மாற்று மருத்துவத்தை மட்டும் தேர்ந்த 281 நோயாளிகளை ஆராய்ந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றோரைவிட இவர்களின் இறப்பு இடர் ஏறத்தாழ 2.5 மடங்கு. இவர்கள் நோய் பரவாத நிலையில் இருந்தவர்கள் என்பதை மறத்தல் ஆகாது. அதாவது, குணமாகும் வாய்ப்பு மிகுந்த காலத்திலேயே இழப்பு நேர்கின்றது.

முற்றிய நிலையில் தீங்கு வேறு வகையானது. எஞ்சிய நாட்கள் கடும் பத்தியத்திலும் பயணத்திலும் கழிகின்றன. குடும்பத்தின் சேமிப்பு கரைகின்றது. வலி கவனிக்கப்படாமல் போகின்றது. சில பற்பங்களில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் கலந்திருக்கலாம். புற்றுக்கு மருந்தெனப் பரப்பப்படும் முள்சீத்தாவைத் தொடர்ந்து உண்பதற்கும் பார்க்கின்சன் நோயை ஒத்த நரம்புக் கோளாறுக்கும் தொடர்பிருக்கலாம் என்று குவாதலூப்புத் தீவில் செய்யப்பட்ட ஆய்வு சுட்டியது.

சட்டம்

1954 ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணிகள் (ஆட்சேபத்திற்குரிய விளம்பரங்கள்) சட்டத்தின் பட்டியலில் புற்றுநோய் இடம்பெற்றுள்ளது. எனவே அதனைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களுக்கு மருந்து விளம்பரம் செய்வது இந்தியாவில் குற்றமாகும்.

வலி தணிப்பு மருத்துவம்

நோயை நீக்க இயலாத நிலையிலும் செய்வதற்குப் பல உள்ளன. வலி, மூச்சுத் திணறல், புண், உறக்கமின்மை, மனச்சோர்வு ஆகியவற்றைக் குறைப்பதே வலி தணிப்பு மருத்துவம். கடும் வலிக்கு வாய்வழி மார்ஃபீன் முதன்மையான மருந்து. 1985 ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் மருத்துவமனைகள் அதனைப் பெறுவதைக் கடினமாக்கியிருந்தது. 2014 ஆம் ஆண்டுத் திருத்தம் விதிகளை எளிதாக்கியது.

பரவிய நுரையீரல் புற்றுடைய 151 பேரிடம் செய்யப்பட்டு 2010 இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சையுடன் தொடக்கத்திலேயே இக்கவனிப்பையும் பெற்றவர்களின் வாழ்க்கைத் தரம் உயர்ந்தது. அவர்களின் இடைநிலை வாழ்நாள் 11.6 மாதங்கள், ஏனையோருக்கு 8.9 மாதங்கள். மாற்று மருந்துகள் வாக்களித்துத் தராத பயனை, குணப்படுத்துவதாகக் கூறாத இம்மருத்துவம் ஓரளவு தந்துள்ளது.

தமிழ்நாட்டில் 2021 இல் தொடங்கப்பட்ட "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டிற்கே வந்து அளிக்கும் வலி தணிப்புக் கவனிப்பும் அடங்கும். பிற மருந்து எதனையேனும் உட்கொள்ளும் நோயாளி, அதனைத் தம் மருத்துவரிடம் மறைக்காமல் தெரிவிப்பது இன்றியமையாதது. அதற்காகக் கடிந்துகொள்ளாமல் கேட்டறிவது மருத்துவரின் கடமையாகும்.