கடல் கடந்தார் முடிவை அறியும் நெறி

‘பாட்டனாரின் தமையனார் கப்பலேறிச் சென்றார், மீண்டிலர்’ என்னும் செய்தி வழங்கும் குடும்பங்கள் தமிழகத்தில் உள. அவர் யாண்டுச் சென்றார், என்ன ஆனார் என்பன அக்குடிவழி வரலாற்றில் விடையின்றி நிற்கும் வினாக்கள். அவற்றுக்கு விடை காணும் நெறியினை, தென்னாப்பிரிக்காவின் கீழைக் கரையிலுள்ள நேட்டாலுக்கு ஒப்பந்தத் தொழிலாளராகச் சென்றோரை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு விளக்குவாம்.

சென்னையினின்று சென்ற ‘துரூரோ’ என்னும் கப்பல் 1860 நவம்பர் 16ஆம் நாள் தர்பன் துறையை அடைந்தது. அதுமுதல் 1911 வரை 1,52,184 பேர் அந்நாட்டிற்குச் சென்றனர். அவருட் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தின் வழியே சென்றவராவர். அவர்களுக்குக் குடியேற்ற எண் வழங்கப்பட்டது. கப்பற் பட்டியல்களில் அவ்வெண்ணோடு பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடலடையாளம் ஆகியன குறிக்கப் பெற்றன.

ஆராய்ச்சி பட்டியலில் தொடங்குதல் கூடாது; வீட்டிலேயே தொடங்குதல் வேண்டும். முதியோர் ஆண்டினை எண்ணாற் கூறார். ‘தாது வருடப் பஞ்சத்தில் போனார்’ என்பர். ஆண்டுப் பெயர் அறுபதாண்டுக்கு ஒருமுறை மீள வருமாயினும், நேட்டால் குடியேற்றம் அதனினும் குறுகிய காலத்தே முடிவுற்றமையின் இவ்விடத்து மயக்கத்திற்கு இடமில்லை. தாது ஆண்டு என்பது 1876-77ஆம் ஆண்டையே குறிக்கும். இனி, 1866 முதல் 1874 வரை நேட்டாலுக்கு ஆள் அனுப்புதல் நின்றிருந்தது. ஆகவே, ஒருவர் 1870இல் நேட்டால் சென்றார் என்பது குடும்ப வழக்காயின், ஆண்டு பிழையாதல் வேண்டும்; அன்றேல் அவர் சென்றது மோரீசு முதலிய வேறு நாடாதல் வேண்டும்.

அடுத்து ஆராய வேண்டுவது பெயர். தமிழ்ப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் செவிக்குப் பட்டவாறு எழுதப்பட்டமையின் ‘முனுசாமி’ என்பதொன்றே பல வடிவு பெற்றது. முதலியார், படையாட்சி முதலிய பட்டங்களும், சிலவிடத்துத் தனி மனிதர் பெயர்களும், அந்நாட்டில் வழிவழி வரும் குடும்பப் பெயர்களாயின. எனவே பெயரொற்றுமை உறவொற்றுமையாகாது. தந்தை பெயர், ஊர், வட்டம் என்னும் மூன்றும் ஒருங்கே பொருந்துதல் வேண்டும். ஊரைத் தேடுங்கால் பழைய எல்லைகளை நினைவிற் கொள்ளல் தகும். தென் ஆர்க்காடு எனக் குறிக்கப்பட்ட ஊர், 1993இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்ட பின்னர்க் கடலூர்ப் பக்கத்தோ விழுப்புரப் பக்கத்தோ சேர்ந்திருக்கும்.

குடியேற்ற எண் கிடைத்தவழி, ஆராய்ச்சி பெயரை விட்டு எண்ணைப் பற்றிச் செல்லுதல் வேண்டும். வேலை செய்த தோட்டம், மணம், இறப்பு, தாயகம் திரும்புதல் ஆகியவற்றைப் பற்றிய பதிவுகளில் அவ்வெண்ணே வழிகாட்டும். ஒப்பந்தம் முடிந்தோர் திரும்பினர். அன்றி மீண்டும் ஒப்பந்தம் செய்தனர். அன்றித் தன்னுரிமையோடு அங்கேயே தங்கினர். அவ்வாறு தங்கினோர்மீது 1895ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி விதித்தது. அது 1914இல் நீக்கப்பட்டது. ஆதலின், ஒருவர் வீடு திரும்பாமை அவர் இறந்தார் என்பதற்குச் சான்றாகாது. கப்பலில் திரும்பியமைக்குச் சான்று கிடைப்பினும், அவர் தம் ஊரை அடைந்தார் என்பது தானே பெறப்படாது.

இவ்வாராய்ச்சியில் ஐயத்தை ஐயமென்றே எழுதி வைத்தல் இழுக்கன்று. பெயர் ஒன்றே கொண்டு ஒருவரை நம் முன்னோராகத் துணிவோமாயின், தேடியவரையும் இழப்போம். அவரைத் தேடிக்கொண்டிருக்கும் மற்றொரு குடும்பத்தின் வழியையும் மறைத்தவராவோம்.